ஒரு ஸ்பூன் சொதி

தேங்காயை உடைத்தாகிவிட்டது, இனி மனசு மாறக்கூடாது என்று ஆவுடையம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி வாயை மூடுவதற்குள் மாறிவிட்டது. தேங்காய்ப்பால் சொதி வேண்டாமோ. உளுந்தங்களி கிண்டிவிடலாமோ. களி என்றால் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக வழுவழுவென்று இருக்கும், தொண்டைக்குத் தொந்தரவு கொடுக்காமல் தானே வழுக்கிக்கொண்டு இறங்கும். எந்தப் பக்கம் இறங்கும் என்பதுதானே கேள்வி. சாப்பாடு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் ஒரு மூடி இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மூடி சரியாக மூடுகிறதில்லை என்று அந்தப் பெண் படம் போட்டுக் காட்டியிருந்தாள். டாக்டர்தான், ஆனால் ஆவுடையம்மாளின் மகளைவிட இரண்டு வயது குறைவாக இருப்பாள், விழுங்கப் பழக்குவதற்கென்றே தனியாகப் படித்தவளாம். பிள்ளை பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருகிற காரியத்துக்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் ஆவுடையம்மாள் சிரித்திருப்பாள். வியாழக்கிழமை அந்த டாக்டர் பெண் சொன்னது இதுதான். "ஞாயித்துக்கிழம மத்தியானம் ஒரே ஒரு ஸ்பூன் வாய் வழியா குடுத்துப் பாருங்கம்மா. தண்ணியா இருக்கக் கூடாது, பருக்கை இருக்கக் கூடாது, காரம் புளிப்பு ஆகாது. நேரா உக்கார வச்சு, நாடி நெஞ்சுல படுற மாதிரி குனிய வச்சுக் குடுங்க. இருமல் வந்தா அதோட நிறுத்திருங்க." இவள் எழுந்து வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டு, "அவருக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ, அதையே குடுங்க" என்றாள். மற்ற எல்லாவற்றையும் ஆவுடையம்மாள் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எழுதவில்லை, அது மூன்று நாளாக அவளைத் தூங்கவிடவில்லை.

பிடித்தது எது என்று அவள் வீட்டுக்காரர் மேகலிங்கத்தைப் பற்றிக் கேட்டால் எங்கே போவது. பிடிக்காததைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்லலாம். சிறுகிழங்குப் பொரியல் பிடிக்கும். தைப்பொங்கலுக்குச் சாக்கில் போட்டு உரசி உரசித் தோலெடுத்து, மண் வாசம் போகாமல் வதக்கி வைத்தால் சோற்றைத் தள்ளிவிட்டு அதையே சாப்பிடுவார், சாப்பிட்டுவிட்டு, "கிழங்கு நல்ல கிழங்கு" என்பார். கிழங்குக்குத்தான் பாராட்டு, தோலெடுத்துக் கறுத்துப்போன விரலுக்குக் கிடையாது. ஆனால் கிழங்கு விழுங்க முடியாது. புளிமிளகாய், இட்லிக்கு அதை விட்டால் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார், அதில் புளிப்பும் காரமும் தவிர வேறொன்றும் இல்லை, ஆகாது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், பருக்கை. கூட்டாஞ்சோறு, பருக்கை. சித்திரையில் பானக்காரம் கரைத்தால் சுக்கு தூக்கலாக இருக்கவேண்டும், ஏலக்காய் தட்டிப் போட்டால், "என்னட்டி, கோயில் தீர்த்தமா" என்பார், அது தண்ணீர், தண்ணீர்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. தண்ணீர் ஆபத்தாம். ஆற்றுத் தண்ணீரைத் தவலையில் மொண்டு மொண்டு குடித்து வளர்ந்த மனுஷனுக்குத் தண்ணீர் ஆபத்து. திரட்டுப்பால் அண்ணத்தில் ஒட்டும். இஞ்சிப் பச்சடி எரியும். இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் சொதிதான் மிஞ்சியது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்து, ஒன்றாம் பாலைக் கெட்டியாகச் சேர்த்து, துணியில் வடிகட்டினால் பாயசம் மாதிரி வரும். பச்சை மிளகாய் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது, முருங்கைக்காய் கிடையாது, இஞ்சி வாசத்துக்கு ஒரு துளி. இதெல்லாம் போன பிறகு அதற்குச் சொதி என்று பேர் சொல்லலாமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வந்தால் வரட்டும். துருவியை முட்டுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்து தேங்காயைத் துருவ ஆரம்பித்தாள். பால்போல் விழுந்தது, நல்ல காய். முன் அறையிலிருந்து, அவர் கழுத்தில் துளை போட்டு வைத்த குழாய் வழியாக மூச்சு போய் வருகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. எட்டு மாசமாக அந்தச் சத்தத்தை ஒரு காதால் கேட்டுக்கொண்டுதான் அவள் எந்த வேலையும் செய்கிறாள்.

சொதி சாதாரணச் சாப்பாடு இல்லை, அதிலும் ஒரு பயம். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துச் சொதி போடவேண்டும், திருநெல்வேலிப் பக்கத்தில் அது எழுதாத சட்டம். துக்க வீட்டில் செய்யமாட்டார்கள். இன்றைக்கு வைக்கிறோமே, இது நல்ல நாளா கெட்ட நாளா என்று அந்த ஸ்பூன் இறங்குகிற பன்னிரண்டரை மணிக்கு முன்னால் யாருக்குத் தெரியும். அவர்கள் கல்யாணத்திலும் மறுநாள் சொதிதான். மேகலிங்கம் அத்தை மகன், சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், ஆனாலும் அன்றைக்குப் பட்டுக் கரை வேட்டியோடு இலை முன்னால் உட்கார்ந்தபோது யாரோ புது ஆள் போல இருந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தார், மென்றார், அவளுடைய அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "மாமா, தப்பா எடுத்துக்கிடாதீய, உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். பந்தி கப்பென்று நின்றது. சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை கரண்டியோடு ஓடிவந்து, தன் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, முகம் தொங்கிப்போய், "மாப்பிள்ள சொல்லுதது சரிதான்" என்றார். அறுபது பேர் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு ஒருத்தர் நாக்குக்கு மட்டும் அந்த ஒரு கல் தெரிந்திருக்கிறது. அப்பா அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, இந்த நாக்கோடு நான் காலம் தள்ளவேண்டுமே என்றுதான் நினைத்தாள்.

அவள் பிறந்த வீட்டில் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. சாமிக்கு வைப்பதற்கு முன்னால் எச்சில் பட்டுவிடும் என்று அம்மா கண்டிப்பாக இருந்தாள், ஒரு தடவை கரண்டியை நக்கியதற்குக் கொதிக்கிற குழம்பை அப்படியே வாசலில் கொட்டினாள். ஆகவே ஆவுடையம்மாளுக்கு இந்த ஐம்பத்து நாலு வயதிலும் அடுப்படியில் நின்று எதையும் நாக்கில் வைத்துப் பழக்கமில்லை. கொதி வாசம் பார்த்துப் போடுவாள், கைக்கணக்குதான். அது சரியா என்று சொல்வதற்குத்தான் வீட்டில் ஒரு ஆள் இருந்தாரே. டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி அந்தப் புத்தி ஊறிப்போனவர், டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அடுப்படிக்கு வந்து வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். அவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவாள். சூடு பொறுக்காமல் கையை ஆட்டி ஆட்டி உறிஞ்சிவிட்டு, "ஒரு கல்லு கம்மி" அல்லது "ஒரு கல்லு கூட" என்பார். இரண்டில் ஒன்று. "சரியா இருக்கு" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். இப்போது அந்தக் கை முன் அறையில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீட்டுவதற்கு அதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் மிக்சியில் அடித்து, வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, மூக்கில் மாட்டின குழாய் வழியாக இறங்குகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். முதல் மாசம் அதற்கும் அவள் கடுகு தாளித்தாள், பெருங்காயம் பொரித்தாள். மகள் சௌந்தரி பார்த்துவிட்டு, "எம்மா, குழாய்க்கு எதுக்கும்மா பெருங்காயம்" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

முதல் பாலைப் பிழிந்து தனியாக மூடி வைத்தாள். இரண்டாம் பாலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்த வார்த்தை வந்துவிட்டது. எதற்குத் தண்ணீர் ஊற்றினாலும் வருகிறது, பாத்திரம் கழுவினால் வருகிறது. அண்ணன் வந்திருந்த அன்றைக்கு அவள் சொன்ன வார்த்தை. நாலு வருஷம் ஆகிறது. உளுந்தஞ்சோறு செய்து, அவியல் வைத்து, இரண்டு ஆண்களுக்கும் இலை போட்டாள். மேகலிங்கம் அண்ணனைப் பார்த்து, "மச்சான், இருபத்தேழு வருசமாச்சு, ஒங்க தங்கச்சிக்கு இன்னும் உப்பு பிடிபடல பாத்தியளா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அண்ணனும் வேடிக்கையாகத்தான் சிரித்தான். இருபத்தேழு வருஷத்தில் ஆயிரம் தடவை கேட்டதுதான், அன்றைக்கு மட்டும் ஏனோ பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படிக்குள் வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், சுவரைப் பார்த்து, 'இந்த நாக்கு அழுகிப் போகாதா' என்றாள். இரண்டு தடவை சொன்னாளா, ஒரு தடவைதானா. ஒரு தடவைதான். இல்லை, இரண்டாவது தடவை மனசுக்குள். மூன்று வருஷம் கழித்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கின் அடிப்பக்கத்தில் புற்று என்று சொன்னபோது அவளுக்குக் காதில் தண்ணீர்க் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. புகையிலை போடுவாரா என்று டாக்டர் கேட்டார். போடுவார், டிப்போவில் சேர்ந்த நாளிலிருந்து, வெற்றிலையோடு ஒதுக்கிக்கொண்டு. அப்போ அதுதாம்மா என்றார் டாக்டர். சௌந்தரியும் அதுதான் என்றாள். உலகத்தில் எல்லாரும் அதுதான் என்கிறார்கள். உலகத்தில் யாரும் அன்றைக்கு அடுப்படியில் இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சாமியிடம்கூட நேராகச் சொல்லாமல், தெரியாமல் ஏதும் பேசியிருந்தால் மன்னித்துக்கொள் என்று பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்கு இன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஸ்பூனை விழுங்கிவிட்டு அவர், பேச்சு போன நாளிலிருந்து எழுதிக் காட்டுகிற ஸ்லேட்டை எடுத்து, ஒரு கல் கம்மி என்று எழுதவேண்டும். கூட என்று எழுதினாலும் சரி. குற்றம் சொல்லவேண்டும். அந்த நாக்கு குற்றம் சொல்லிவிட்டால் அவள் வாயிலிருந்து போன வார்த்தை பலிக்கவில்லை என்று ஆகிவிடும். "ருசி தெரியுமாம்மா?" என்று அந்த டாக்டர் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "புத்துக்குக் கரண்டு வச்சதுல சில பேருக்குப் போயிரும்மா. சில பேருக்குக் கொஞ்ச நாள்ல திரும்பி வரும். இப்பச் சொல்ல முடியாது" என்றாள். சில பேர் என்று இரண்டு தடவை சொன்னாளே, அதில் எந்தச் சில பேர்.

கைபேசி அடித்தது. ஓசூரிலிருந்து சௌந்தரி. ஈரக் கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். "எம்மா, என்ன வைக்கப்போற?" "சொதி." "சொதியா? அது தண்ணியால்லா இருக்கும்? ஒனக்கென்ன பைத்தியமா? அந்தப் பதனி நடந்தது மறந்துபோச்சா?" மறக்குமா. பங்குனிக் கடைசியில், தெருவில் பதனி கொண்டுவந்தவரிடம் இவள் வாங்கி, தனக்கென்று டம்ளரில் ஊற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் மேகலிங்கம் எழுந்து வந்து ஒரு வாய் குடித்துவிட்டார். ஒரே வாய். கண் மேலே சொருகி, கழுத்துக் குழாயிலிருந்து பதனி நுரைத்துக்கொண்டு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில், நெஞ்செல்லாம் சளி, எட்டாம் நம்பர் கட்டில். பிழைத்து வந்ததும் ஸ்லேட்டில் எழுதின முதல் வார்த்தை, 'புளிச்ச பதனி'. அதைப் படித்து அவள் அன்றைக்குச் சிரித்தாளே. அப்படியென்றால் அப்போது ருசி தெரிந்திருக்கிறதா, இல்லை, நுரையைப் பார்த்து எழுதினாரா? "எம்மா, கேக்குதா? வெறும் பருப்புத் தண்ணிய வடிச்சு, கெட்டியாக்கிக் குடு, போதும்." "பருப்ப மசிச்சுத்தான்டி வைக்கேன், கூழு மாதிரி இருக்கும், நீ பயப்படாத." "நீ பயப்படலியா?" என்று கேட்டாள் மகள்.  பயம் என்ன பயம், பாதத்திலிருந்து ஏறி இப்போது இடுப்புக்கு வந்திருக்கிறது. "வச்சிரு, பால் திரிஞ்சிரும்" என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

பால் திரியக் கூடாது, அதுதான் சொதியில் உள்ள ஒரே சூட்சுமம். இரண்டாம் பாலில் பருப்பும் கிழங்கும் சேர்ந்து ஒரு கொதி, அப்புறம் அடுப்பைச் சின்னதாக்கி ஒன்றாம் பால், ஓரத்தில் நுரை கூடுகிறபோது இறக்கிவிடவேண்டும். கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டினாள். இஞ்சி வாசம் எழுந்தது. முன் அறைக்கும் போயிருக்கும். இந்த எட்டு மாசத்தில் அவருக்கு வாசம் தெரிகிறதா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை, மூச்சு கழுத்து வழியாகப் போகிறவருக்கு மூக்கில் என்ன ஏறும். அத்தான் காலமான பிறகு, என்று மனசு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தது, அதைக் கரண்டியோடு சேர்த்துப் பானை விளிம்பில் தட்டி நிறுத்தினாள். சீ, என்ன நினைப்பு. இறக்கி வைத்து, துணி கட்டி வடிகட்டி, சின்னக் கிண்ணத்தில் எடுத்தபோதுதான் உப்பு ஜாடி மேல் கண் போனது. உப்பு போட்டேனா? ஜாடி திறந்திருந்தது. ஜாடியைத் திறந்தது நினைவிருக்கிறது. மூன்று விரலால் எடுத்தது, அது இன்றைக்கா, நேற்றைக்குக் கஞ்சிக்கா? சௌந்தரி பேசும்போது கை எதையோ போட்டது, அது உப்பா, இஞ்சிச் சாறா? குனிந்து மோந்து பார்த்தாள். பால் வாசம், பருப்பு வாசம், உப்புக்கு ஏது வாசம், இத்தனை வருஷமாகக் கொதி வாசத்தில் உப்புப் பார்க்கிறேன் என்று ஜம்பம் அடித்துக்கொண்டது எல்லாம் அவர் தைரியத்தில்தானா. நாக்கில் ஒரு சொட்டு விட்டால் தீர்ந்தது. கரண்டியைக்கூட உயர்த்திவிட்டாள். கை வாய் வரை வந்து நின்றது. அம்மா கொட்டின குழம்பு இல்லை இப்போது அவளைத் தடுத்தது. உப்புப் பார்க்கிறவர் பத்தடி தூரத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், அவர் இருக்க அவள் பார்த்தால், அவர் நாக்கு போய்விட்டது என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாட்டேன். போடவில்லை, போட்டிருந்தால் நினைவிருக்கும் என்று முடிவு செய்து, கல்லுப்பை நுணுக்கி, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

மேகலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார், அவராகவே. வெளுத்த நீலச் சட்டை, பொத்தானை மேலே வரை போடமுடியாமல் குழாய்க்காகத் திறந்து விட்டிருந்தார். மடியில் ஸ்லேட். கிண்ணத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "சொதி, அத்தான்" என்றாள். அவர் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. "நாடியக் குனிங்க. இன்னும். அவசரப்படாதீய. வாய்லயே வச்சிருந்து, மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒரே முழுங்கா முழுங்கணும், அந்தப் புள்ள சொல்லிச்சுலா?" எல்லாம் அவருக்குத் தெரியும், தலையை ஆட்டினார். அவளுக்குத்தான் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. ஸ்பூனின் முக்கால் அளவுக்கு எடுத்தாள். வாய் திறந்தது. உள்ளே நாக்கு, அதை அவள் எட்டு மாசமாக நேராகப் பார்த்ததில்லை, வெளிறிப்போய் ஒரு பக்கம் சுருங்கி இருந்தது. அதன் மேல் சொதியை வைத்தாள். உதட்டை மூடினார். கன்னம் அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணினாள், ஏன் எண்ணுகிறோம் என்று தெரியாமல். கழுத்து மேலே ஏறிக் கீழே இறங்கியது. இருமல் வரவில்லை. வரும், இப்போது வரும் என்று குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, சத்தம் மாறவில்லை. வரவில்லை. இறங்கிவிட்டது. எந்தப் பக்கம் இறங்கவேண்டுமோ அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அவளுக்கு அழுகை பொங்கியது, சிரிப்பும் வந்தது, முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தாள், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"உப்பு?" என்று கேட்டாள். அவர் உடனே எழுதவில்லை. நாக்கை உள்ளேயே சுழற்றினார், எதையோ தேடுகிறவர்போல முகத்தைச் சுருக்கினார், மறுபடியும் சுழற்றினார். அவள் காத்திருந்தாள். பல்பத்தை எடுத்தார். ஒரு கல்லு என்று தொடங்கும் என்று அவள் முதல் எழுத்துக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரியல' என்று எழுதினார். அழிக்கவில்லை, அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுதினார். 'நீ பாத்துச் சொல்லு.' ஸ்லேட்டை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.  அவள் அதே ஸ்பூனால் கிண்ணத்தின் அடியில் இருந்ததை எடுத்து வாயில் வைத்தாள். உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறாள். கரித்தது, தொண்டை வரைக்கும் கரித்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாள்.

"சரியா இருக்கு அத்தான்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். எதிர்த்து ஒன்றும் எழுதவில்லை.